ஒற்றைச் சுவிட்சில் பேசிய மதினிக்கு

மதினி,

இன்று காலை கடையில் ஒரு செத்த மவுஸைப் பிரித்தேன். பிரிண்ட் எடுக்க வந்த வாத்தியார் ஒருவர், "இது இனி ஆகாதும்மா, குப்பையில போட்டுருங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாம் குப்பையில் போடுகிற ஆளா? மூடியைக் கழற்றினேன். இடது பக்கத்துச் சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது. வலது பக்கத்தது நன்றாகத்தான் இருந்தது. ஈயத்தை உருக்கி அதைக் கழற்றி எடுத்து, விரல் நுனியால் லேசாக அமுக்கினேன். 'டிக்'. சத்தம் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. கடையில் ஆள் இருந்தது. ஈயப்புகை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

புளியங்கொட்டை அளவுகூட இல்லாத அந்தச் சுவிட்சை வைத்துத்தான் நீ உன் வீட்டு ஆம்பளைகளை வாய்மூடி உட்கார வைத்தாய். அதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுத உட்கார்ந்தால் உனக்குச் சிரிப்பு வரும், தெரியும். "ஏட்டி, நீ ஒரு லீவு லெட்டராவது ஒழுங்கா எழுதியிருக்கியா?" என்பாய். பரவாயில்லை. எழுதத்தான் போகிறேன்.

நாம் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டாவது வரை படித்தவர்கள். பிறகு நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினி ஆனாய். ஊருக்கு முன்னால் "வாங்க மதினி, இருங்க மதினி". அறைக் கதவைச் சாத்தினால் பழைய "நீ, போ"தான். நான் ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில், எனக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, மடவார் வளாகத்தில். நடுவில் அரைமணி நேர பஸ் பயணம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் உன் வீட்டில் இருப்பேன். என் மாமியாரின் முகம் அன்றைக்கு மட்டும் ஒரு முழம் நீண்டிருக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் நமக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் முனிசிபாலிட்டித் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அதைத் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. உனக்கு அதில் கோபம். "குழாய்க்கு முன்னால காவல் கெடக்கதுக்கா பொறந்தோம்? தண்ணி வந்தா அதுவே நம்மளக் கூப்பிடட்டும்" என்றாய். குழாய் வாயில் இரண்டு ஒயர், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஒரு பேட்டரி. தண்ணீர் பட்டால் சத்தம் வர வேண்டும். யூடியூபில் பார்த்தோம். அவ்வளவு எளிதாக இருந்தது, பார்க்கிறவரைக்கும்.

அந்த வீடியோ இந்தியில். உனக்கும் எனக்கும் இந்தியில் ஒன்று, இரண்டு எண்ணக்கூடத் தெரியாது. எல்லையில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டு, வீடியோவை அவர் காதுக்கு ஓட்டிக் காட்டினோம். "அந்தாளு சிவப்பு ஒயர நடுக்கால்ல குடுக்கச் சொல்லுதான்" என்று அவர் அங்கிருந்து சொல்ல, நாம் இங்கே குடுக்க, டிரான்சிஸ்டர் புகைந்தது. ஒன்று அல்ல, ஆறு. படத்தில் அதை முன்பக்கமாகப் போட்டிருந்தார்கள், நாம் பின்பக்கமாகத் திருப்பிச் சொருகியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு ஆனது. எரிந்ததை எல்லாம் நீ ஒரு பெருங்காய டப்பாவில் போட்டு வைத்தாய். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், "எரிஞ்சா எரியட்டும்ட்டி. எங்க எரிஞ்சிச்சுன்னு பாரு, அதுதான் பாடம்" என்பாய். எனக்குப் பொறுமை கிடையாது. உனக்கு இருந்தது. நாம் சேர்ந்து எதையாவது உருப்படியாகச் செய்தோம் என்றால் அதனால்தான்.

மூன்றாவது ஞாயிறு, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வாசலில் பஸ்ஸர் அலறியது. தெருவே ஓடிவந்தது, தீப்பிடித்துவிட்டது என்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு நீ வெளியே போன நடையை இன்னும் பார்க்கிறேன். அப்புறம் நம்மைக் கையில் பிடிக்க முடியுமா? உன் மகள் காயத்ரிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. அவள் கால்நடை மருத்துவம் படிக்கத் திருநெல்வேலி போனபோது அண்ணன் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டதால், பழையது நமக்கு வந்தது. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டோம். ஒரு இடைவெளி கூடிப்போனால் மொத்தமும் நின்றுவிடும். "ஒன் மாமியாவ விட மோசமால்லா இருக்கு இது" என்று நீ சொன்னதை நான் இன்றுவரை என் மாமியாரிடம் சொல்லவில்லை.

பிறகு உன் நாக்கு தடுக்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. வெற்றிலை போட்ட வாய் மாதிரிப் பேசுகிறாய் என்று அண்ணன் கேலி செய்தது. மதுரையில் டாக்டர் நீளமான ஒரு பெயரைச் சொன்னார். நரம்பு நோய், பேச்சு போகும், கை போகும், அப்புறம் மூச்சு. மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழுதேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக் குழறிக்குழறிச் சொன்னாய்: "பேச்சுத்தான போகுது. ஒரு மிசின் பண்ணு." எனக்கு என்ன தெரியும், மதினி? குழாய்க்கு மணி கட்டத் தெரியும். அவ்வளவுதான். ஆனாலும் "பண்ணுதேன்" என்றேன்.

முதல் பெட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும். டிபன் பாக்ஸ் மூடியில் எட்டுப் பொத்தான். உன் குரல் முழுசாகப் போவதற்குள் உன்னையே பேசவைத்துப் பதிவுசெய்தேன். "தண்ணி வேணும்", "வலிக்கு", "ஃபேனப் போடு", "பாத்ரூம் போகணும்"... எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பெட்டி அலமாரி மேல் கிடக்கிறது. என்னவென்று கேட்டேன். அப்போது உனக்குக் கொஞ்சம் எழுத வரும். நடுங்கிய கையால் எழுதிக் காட்டினாய்: 'இதில் கேட்கத்தான் முடிகிறது. ஏச முடியவில்லை.'

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருசம் வீட்டையே தன் வாயால் நடத்தியவளுக்கு நான் எட்டே எட்டுப் பிச்சை வாக்கியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று சொல்ல அதில் ஒரு பொத்தான்கூட இல்லை.

அதனால் இரண்டாவது பெட்டி. அதற்குள் உன் கையும் விழுந்துவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். லேப்டாப் திரையில் எழுத்துகள் நிற்கும். ஒரு மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். வேண்டிய எழுத்தில் வரும்போது நீ சுவிட்சை அமுக்க வேண்டும். கடைசியில் லேப்டாப் வாசித்துச் சொல்லும். முதலில் எல்லா எழுத்தையும் ஒரே வரிசையில் போட்டேன். 'அம்மா' என்று வருவதற்குள் அடுப்பில் சோறு குழைந்தது. பிறகு பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, அந்த அட்டை மாதிரி வரிசையாகவும் பத்தியாகவும் பிரித்து, முதலில் வரிசை, அப்புறம் எழுத்து என்று மாற்றினேன். அது ஓடியது. சுவிட்சுதான் சரிப்படவில்லை. காலிங் பெல் சுவிட்ச் உன் விரலுக்குக் கல்லாக இருந்தது. மூன்று நான்கு மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கடையில் பழுதான மவுஸ் ஒன்றைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, இதைவிட மெத்தென்று அமுங்குகிற சுவிட்ச் உலகத்தில் இல்லை என்று.

வாசித்துச் சொன்னது ஒரு பெண்குரல். செய்தி வாசிக்கிற குரல். அதைக் கேட்டு நீ முதன்முதலில் எழுதியது: "இவ எந்த ஊர்க்காரி? நான் ஏசினா இவ கெஞ்சுத மாதிரில்லா இருக்கு." அந்த வாக்கியத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் கண்ணும் சிரித்தது. மாதக்கணக்கில் கேட்காத உன் பேச்சு அது. குரல்தான் வேறு.

இனி நான் வெட்கப்பட வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஏழு நிமிடம் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. நீ இரண்டு எழுத்துப் போட்டதும் நான் முந்திக்கொள்வேன். "மாத்திரையா? மாவா? மாமாவா?" ஒரு நாள் நீ எதையோ சொல்லத் தொடங்கினாய், நான் வரிசையாக மூன்று தரம் தப்புத் தப்பாக முடித்து வைத்தேன். நீ சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். சாயங்காலம் வரை திறக்கவில்லை. திறந்த பிறகு நிதானமாக எழுதினாய்: "நீயும் அவிய மாதிரிதான்." அந்த 'அவிய' யார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் உனக்காக எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறவர்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அம்புட்டு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் தேவதானத்துச் சித்தி, என் அம்மாவின் தங்கை, காயத்ரிக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். போலீசில் இருக்கிற பையன். நல்ல குடும்பம், தோப்பு இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. காயத்ரி இரண்டாம் வருசம்தான் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று வருசத்துக்கு மேல் இருந்தது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. நீ கண்ணை மூடிவிட்டால் ஒரு வருசம் நல்ல காரியம் செய்ய முடியாது. அதற்குமுன் தாலி ஏறிவிட வேண்டும். "பெத்தவ பாத்துட்டுப் போகட்டும்" என்று சித்தி சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நீ அந்த அறையிலேயேதான் இருந்தாய். உன்னைப் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை.

காயத்ரி போனில் என்னிடம் அழுதாள். "அத்த, அம்மாவுக்காகன்னு சொல்லுதாக. நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?" நான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ எழுதினாய்: "நான் சொல்லுதேன்."

சொல்லவும் செய்தாய். அடுத்த முறை சித்தி வந்து பேச்சை எடுத்ததும் உன் விரல் வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் பேச்சு நிற்குமா? மாப்பிள்ளையில் தொடங்கி மண்டபத்துக்குப் போய், மண்டபத்திலிருந்து சமையல்காரருக்குப் போய், "சரி, காப்பி போடவா எல்லாருக்கும்?" என்று அண்ணன் எழுந்த நேரத்தில் உன் பெட்டி வாய் திறந்தது. "வேண்டாம்." சித்தி உடனே, "அவளுக்குக் காப்பி வேண்டாமாம். நமக்கு மட்டும் போடு" என்றார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. உனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் காப்பியும் கிடைக்கவில்லை.

பிரச்சினை என்னவென்று அன்றைக்குப் புரிந்தது. பெட்டி பேசுகிறது, கேட்பதற்கு யாரும் நிற்பதில்லை. நீ பேசத் தொடங்கிவிட்டாய் என்று முதலில் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். சரி, ஒரு பஸ்ஸர் வைப்போம், சுவிட்சைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் மூன்று தரம் நீளமாகக் கூவட்டும் என்று முடிவு செய்தோம். நான் ராஜபாளையத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். ஐந்நூறு மில்லிசெகண்ட் என்று போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் இரண்டு பூஜ்யத்தை விட்டுவிட்டு வெறும் ஐந்து என்று போட்டிருக்கிறேன். அது தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, உன் தலைமாட்டில் சுவர்ப்பக்கமாக வைத்துச் சோதித்தேன். கூவவில்லை. 'ட்ச் ட்ச் ட்ச்' என்றது.

சித்தி அப்போது வாசல் அறையில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். "பொருத்தம் பாத்தாச்சு, பத்துக்கு எட்டு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினார். "பாத்தியா! பல்லி சொல்லிருச்சு. செத்தப் பொறு, எந்தத் திசைன்னு பாப்போம்." வீடே அப்படியே உறைந்துபோனது. அண்ணனும் பேசவில்லை. ஒரு நிமிடம் முழுசாக, மதினி! உன் முகத்தைப் பார்த்தேன். நோய் வந்த பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை அதில் நான் பார்த்ததில்லை. நான் அவசரமாகத் தப்பைத் திருத்தப் போனேன். நீ விரலை அசைத்து என்னைத் தடுத்தாய். அப்புறம் எழுதினாய்: "திருத்தாத. இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு பெரிய மாமா வந்தார். எங்கள் அம்மாவுக்கு அண்ணன். அவர் வாயால் சரி என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் முடிந்த காரியம். கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். உன் கட்டிலையும் கூடத்திலேயே போட்டிருந்தோம். காயத்ரி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ முந்தின நாளே ஒன்றரை மணி நேரம் எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் சொல்ல வேண்டியதைச் சேமித்து வைத்திருந்தாய். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தை மாசத்துல ஒரு நாளப் பாத்துருவோம்" என்றார்.

'ட்ச் ட்ச் ட்ச்.'

மாமா நிறுத்தினார். சித்தி தரையில் தட்டினார். "கிழக்க! கிழக்கதான்! பாத்தியளா அண்ணே, நல்ல சகுனம்" என்று அவர் முகம் மலர, எல்லாரும் சுவரை அண்ணாந்து பார்க்க, அந்த அமைதியில் செய்தி வாசிக்கிறவள் குரல் வந்தது.

"பல்லி இல்ல. நாந்தான். காயத்ரி படிச்சு முடிக்கட்டும். பொறவு பாப்போம்."

"ஆத்தீ!" என்று சித்தி நெஞ்சில் கைவைத்தார். முதலில் வாயைத் திறந்தது அண்ணன்தான். என்னைப் பார்த்துத் திறந்தது. "இதெல்லாம் நீ எழுதிக் குடுத்ததா? ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன். வாயில்லாதவளுக்கு ஒன் வாயக் குடுத்து எங்களயா முட்டாளாக்குத?" அண்ணன் என்னிடம் அதற்கு முன்னும் அப்படிப் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. எனக்கும் ரோசம் வந்துவிட்டது. எழுந்து கத்தியிருப்பேன். பெரிய மாமா கையை உயர்த்தினார்.

"சண்ட வேண்டாம். அவளே சொல்லுதாளா இல்லையான்னு இப்பப் பாத்துருவோம்" என்றார். என்னைக் கதவோரம் போய் உட்காரச் சொன்னார். போய் உட்கார்ந்தேன். அவர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "ஏன் தாயி, ஒம் மக கழுத்துல தாலி ஏறுதத நீ பாக்க வேண்டாமா? ஒனக்கு அந்த ஆச இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நாம் எதையும் தயார் செய்து வைக்கவில்லை. மஞ்சள் கட்டம் நகரத் தொடங்கியது. 'டிக்'. கட்டம் மறுபடி முதலிலிருந்து. 'டிக்'. ஒரு தரம் உன் விரல் நழுவியது. வேண்டாத எழுத்து விழுந்தது. அதை அழிக்க இன்னொரு சுற்று. அண்ணன் எழுந்துவந்து உன் தலைமாட்டில் நின்று லேப்டாப் திரையைப் பார்த்தது. எனக்குக் கை அரித்தது, மதினி. என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஃபேன் சத்தத்தையும் உன் சுவிட்சையும் தவிர அந்தக் கூடத்தில் வேறு சத்தம் இல்லை. பத்து நிமிடம் இருக்கும். பாதி வாக்கியத்திலேயே அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் எங்களுக்குக் குரல் கேட்டது.

"ஆச இருக்கு. ஆனா நான் சாகப்போறதுக்கு அவ ஏன் ஓடணும்?"

நான் நினைத்திருந்தது வேறு. நான் முடித்து வைத்திருந்தால் இந்த வாக்கியம் இந்த உலகத்துக்கு வந்திருக்காது.

அண்ணன் சத்தம் போட்டு அழுதது. அது அழுது நான் பார்த்ததில்லை. காயத்ரி ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ள வீட்ல நானே பேசிக்கிடுதேன். பிள்ள படிக்கட்டும்" என்றார். சித்திக்கு வருத்தம்தான், ஆனால் பல்லியை மனிதர்கள் செய்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு அதிக வருத்தம். எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் மறுபடி 'ட்ச் ட்ச் ட்ச்' என்றது. அவ்வளவு பேரும் அப்படியே நின்றார்கள், ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில். நீ நிதானமாக எழுதினாய். "இப்பக் காப்பி வேணும்."

அதன்பிறகு நாலைந்து மாதம்தான் இருந்தாய். விரலும் ஓய்ந்தது. புருவத்தில் ஒட்ட ஒரு சென்சார் செய்ய முயன்றேன். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, நீ இருக்கிறவரை சரிசெய்யவும் முடியவில்லை. அந்தத் தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ போன மறுமாதமே அது வேலை செய்தது. ஒரு ரெசிஸ்டரின் மதிப்பைத் தப்பாகப் போட்டிருந்தேன். அன்றைக்கு அந்த போர்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே பொறுக்கி எடுத்து, எங்கே உடைந்தது என்று பார்த்து, மறுபடி பற்றவைத்தேன். வேறு என்ன செய்வது?

காலையில் கழற்றிய மவுஸ் சுவிட்சை வைத்துத்தான் இன்றைய வேலை. மம்சாபுரத்திலிருந்து ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம்; பேச்சு இல்லை, ஒரு கை கொஞ்சம் அசைகிறது. யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "தண்ணி, சோறு கேக்குத மாதிரி ஒரு பத்துப் பொத்தான் வச்சுக் குடுத்தாப் போதும்மா" என்றார். போதாது என்று சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவோடு அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். முதல் வாக்கியம் என்ன வேண்டும் என்று அந்த அம்மாவையே கேட்டதற்குப் புருசனைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். இவர் நம் கட்சி என்று புரிந்துகொண்டேன்.

எலக்ட்ரானிக்ஸ் எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கத்தில் தலை சுற்றுகிறது. எரித்து எரித்துத்தான் கற்கிறேன். ஆனால் விடுவதாக இல்லை. வாய் இருக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேசியாகிவிட்டது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காயத்ரி படித்து முடித்துவிட்டாள், மதினி. மாடு, ஆடு என்று எதற்கு நோய் வந்தாலும் இனி தெருவே அவளைத்தான் தேடும். அதனால் பெரிய மாமா வந்தார், சித்தி வந்தார், அதே கூடத்தில் பாய் விரித்தார்கள். வரன் ஒன்று வந்திருக்கிறது. மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ சொல்லு தாயி" என்று காயத்ரியைப் பார்த்தார். அவளுக்கு உடனே வார்த்தை வரவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் போனது. சித்திக்குப் பொறுக்கவில்லை, "அவளுக்கு இஷ்டம்தான், வெக்கப்..." என்று தொடங்கினார். அண்ணன் திரும்பி, "சித்தி, பொறுங்க. அது சொல்லட்டும்" என்றது. அண்ணன்தான் சொன்னது, மதினி.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவரும் மணியைப் பார்க்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தி, "ஒரு வருசம் வேல பாத்துக்கிடுதேன் தாத்தா. அந்தப் பையன்ட்ட நானே ஒருக்கப் பேசணும். பொறவு சொல்லுதேன்" என்றாள். மாமா, "சரி தாயி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவள் வாய் திறப்பதற்கு முன்னால் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, மதினி.